கலைஞன் முதலில் தன் வீட்டில் பேசட்டும்!

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கலை இலக்கியக் கூட்டமொன்றில் நாடகக் கலைஞர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



"கலைஞனுக்கு அரசியல் வேண்டுமா?" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. கலை தூய்மையானது, அரசியற் சேறு அதன்மேற் படலாகாது என்பது ஒன்று. கலை போராட்டத்தின் படைக்கலம், அவ்வாறு பயன்படாத கலை குப்பைக்குரியது என்பது மற்றொன்று. இவ்விரு கட்சியாரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டனர். இவற்றுள் எதனையும் வழிமொழிய நாம் இன்று வரவில்லை.

கலைஞனைப் பார்த்து அரசியல் வேண்டுமா என்று கேட்பது, கமக்காரனைப் பார்த்து மழை வேண்டுமா என்று கேட்பது போன்றது. அவன் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் மழை அவன் வயலில் இறங்கும். விதைப்பையும் அறுப்பையும் அதுவே தீர்மானிக்கும். கலைஞன் எந்த மொழியில் எழுதுகிறானோ அந்த மொழியின் நிலையை ஒரு சட்டம் முடிவு செய்கிறது. ஆங்கிலேயர் 1912இற் கொணர்ந்த பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் நாடகப் பிரதியை அதிகாரியின் மேசைக்கு அனுப்பியது. ஆங்கிலேயர் போன பின்னும் அந்த மேசை போகவில்லை.

ஆகவே அரசியல் கலையினுள் முன்னரே புகுந்துவிட்டது. கேட்கவேண்டிய வினா வேறு. கலைஞனின் மனச்சாட்சி யாரை நோக்கிப் பேசவேண்டும்? இதற்கு விடை தேடுவதே நமது இன்றைய நோக்கம்.

1956 சொல்லும் பாடம்

கொழும்பு மாநகரத்தில் 1956ஆம் ஆண்டு நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு யூன் 5ஆந் திகதி, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் மசோதாவை எதிர்த்துக் காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் தாக்கப்பட்டனர். ஐந்து மாதங் கழிந்து, நவம்பர் 3ஆந் திகதி, அதே நகரத்து லயனல் வென்ட் அரங்கில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் மேடையேறியது. நவீன சிங்கள நாடகத்தின் தலைவாயில் என்று அந்நாடகத்தை இன்றும் போற்றுகின்றனர். போற்றுதற்குரியதே.

ஆனால் அந்நாடகம் எந்த மரபின்மேல் நின்றது? 'நாடகம' என்று சிங்களத்தில் வழங்கும் பழைய அரங்க மரபின்மேல். பெயரைப் பாருங்கள், அது தமிழ்ச் சொல். கத்தோலிக்கத் தமிழரின் கூத்து மரபு கரையோரம் வழியாகச் சிங்கள மக்களிடம் சென்று சேர்ந்த வரலாற்றைச் சரச்சந்திரவே தமது ஆய்வில் எடுத்துக் காட்டினார். அம்மரபின் தந்தை எனப்படும் பிலிப்பு சிஞ்ஞோ நம் கொழும்பைச் சேர்ந்தவர். ஆட்சிமொழிச் சட்டம் தமிழை வாயிலில் நிறுத்திய அதே ஆண்டில், தமிழர் கூத்தின் வழிவந்த அரங்கு சிங்கள மக்களின் பெருமையாக எழுந்து நின்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. 'மனமே' தந்த உற்சாகம் பேராதனையில் நம்மவரையும் தொட்டது. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்து, பல்கலைக்கழக மாணவரைக் கூத்தாடச் செய்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்னும் கூத்துகள் 1960களில் நகரத்து மேடைகளுக்கு வந்தன. நாம் கொடுத்தோம், அவர்கள் வளர்த்தனர், அவர்கள் வளர்த்ததைக் கண்டு நாம் விழித்தோம். கலை இவ்வாறுதான் கைமாறும்.

இத்துடன் பேச்சை முடித்தால் எல்லாரும் மகிழ்வோடு வீடு திரும்பலாம். ஆனால் உண்மை அவ்வளவு இனிமையானதன்று. இத்தனை உறவும் 1958ஆம் ஆண்டுக் கலவரத்தைத் தடுக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சுட்ட தீயை அணைக்கவில்லை. 1983 யூலையில் இந்த வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளுள் ஒன்றையேனும் காக்கவில்லை. அழகு உறவை உண்டாக்கும். நீதியை உண்டாக்குதல் அதனால் மட்டும் ஆவதன்று. அதற்கு மனச்சாட்சி வேண்டும்.

கைதட்டலும் மனச்சாட்சியும்

மனச்சாட்சி என்பது யாது? கேட்போர் முன்னரே நம்பியிருப்பதை உரத்த குரலிற் சொல்லிக் கைதட்டல் வாங்குவது மனச்சாட்சியன்று. அதற்குக் கட்சிப் பேச்சாளர் போதும், கலைஞன் எதற்கு? தமிழர் கூட்டத்திற் சிங்களப் பேரினவாதத்தைச் சாடுவதற்குத் துணிவு தேவைப்பட்ட காலம் இருந்தது. மீண்டும் வரவுங் கூடும். ஆயினும் அது ஒன்றே கலைஞனின் கடன் என்று இருந்துவிட்டால் அவனுக்கு வேலை மிக எளிது. தன்னை வளர்த்தவர், தன்னோடு உண்பவர், தன் நாடகத்துக்குச் சீட்டு வாங்குவோர் கேட்க விரும்பாததை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும்போதுதான் அவனுடைய மனச்சாட்சி உரைகல்லில் ஏறுகிறது.

சிங்களக் கலைஞர் சிலர் அவ்வுரைகல்லில் ஏறினர். ஓவியர் சந்திரகுப்த தேனுவர, வீதித் தடைகளில் நின்ற பீப்பாய்களையே 1997 முதல் தம் ஓவியப் பொருளாக்கினார். 1983ஐ மறக்கலாகாது என்று யூலை 23ஆந் திகதியில் ஆண்டுதோறும் கண்காட்சி வைத்தார். அவர் அழைத்தது நம்மை மட்டுமன்று; மறக்க விரும்பிய தம் இனத்தாரை. பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்னும் திரைப்படத்தில், போருக்குச் சென்ற மகனின் உடல் மூடி முத்திரையிட்ட பெட்டியில் வருகின்றது. பார்வையிழந்த தந்தை அதனை நம்ப மறுக்கிறார். அப்படத்தை அரசு 2000ஆம் ஆண்டு தடுத்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. ஒரு கிழவரின் மறுப்புக்கு ஓர் அரசாங்கம் அஞ்சியது!

இவர்களை நாம் பாராட்டுகிறோம். பாராட்டுவது கடமை. ஆயினும் அயல் வீட்டான் தன் வீட்டுக் குப்பையைக் கூட்டும்போது கைதட்டிவிட்டு, நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது என்ன நியாயம்?

நமது வீடு

நமது வீட்டிலும் துணிந்து பேசியவர் இருந்தனர். என். கே. ரகுநாதன் 'நிலவிலே பேசுவோம்' என்றொரு சிறுகதை எழுதினார். மேடையிலே முழங்கும் பெரியவர் ஒருவர். அவரைக் காண ஒடுக்கப்பட்ட சமூகத்தார் இரவில் வீட்டுக்கு வருகின்றனர். அவர்களை உள்ளே அழைக்க மனமில்லாத அவர், நிலவு நன்றாயிருக்கிறது, வெளியே இருந்து பேசுவோம் என்கிறார். அவ்வளவே கதை. அந்தப் பெரியவரை அடிக்கவில்லை, வையவில்லை. அவருடைய வாசற்படியை மட்டுமே ஆசிரியர் காட்டினார். அதைப் படித்த ஒவ்வொருவரும் தத்தம் வாசற்படியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கோரி நின்றபோது, அவர்களை மறித்து நின்றவரும் தமிழரே. அப்போராட்டக் காலத்தில் 'கந்தன் கருணை' மேடையேறியது. 1969இல் சி. மௌனகுருவின் 'சங்காரம்' பழைய கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு சமத்துவத்தைப் பேசியது. மொழியுரிமைக்காகக் காலிமுகத்திடலில் இருந்தவரும் நம்மவர். கோயிற் கதவைச் சாத்தியவரும் நம்மவர். இவ்விரண்டையும் ஒரே மேடையிற் பார்க்கும் கண்ணே கலைஞனின் கண்.

1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' மேடையேறியபோது, போரின் பிடியில் அகப்பட்ட மக்கள் தம் துயரத்தை அதிற் கண்டனர். அந்நாடகம் நமது பெருமை. ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகளையும் நாம் மறைத்தலாகாது. யாழ் நூலகம் எரிந்தபோது, புத்தரே கொல்லப்பட்டார் என்னும் கற்பனையை வைத்துப் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவர் எம். ஏ. நுஃமான், கிழக்கிலங்கை முஸ்லிம். நமது நூலகத்துக்காக அழுத அக்கவிதையை இன்றும் மேடைதோறும் வாசிக்கிறோம். அக்கவிதை பிறந்து பத்தாண்டு செல்லுமுன், 1990 ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம்! நுஃமானின் கவிதையை வாசிக்கும் வாய்க்கு, அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றிப் பேசும் கடமை இல்லையா?

பேச முயன்றவருக்கு நேர்ந்ததையும் அறிவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்ற கவிஞர் செல்வி, வவுனியா சேமமடு என்னும் கமக்காரர் ஊரிலிருந்து வந்தவர். 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்தியவர். 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகளாற் கொண்டு செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. அவரைக் கொண்டு சென்றது அந்நியப் படையன்று. நக்கீரர் இறைவனிடமே குற்றங் கண்டார் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். அந்த நக்கீரர் நமது ஊர்த் திண்ணையில் வந்து அமர்ந்தால் அவருக்கு நாம் பாயா விரிப்போம்?

ஒரு கடைச் சிப்பந்தியின் கேள்வி

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "காயப்பட்டுக் கிடக்கும் இனம் நாம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்தது இன்னும் நீதியைக் காணவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தனர்; அவர்களுக்கும் விடை கிடைக்கவில்லை. இவ்வேளையில் நம் குறையை நாமே பேசினால் அது எதிரிக்கு ஆயுதமாகாதா?"

நேர்மையான கேள்வி. இதைக் கேட்பவரை நாம் பகைக்கவில்லை. அத்தாய்மாரின் கொட்டகையிற் சென்று நிற்காத கலைஞன் கலைஞனே அல்லன். அரசிடம் நீதி கேட்கும் குரல் ஒரு கணமுந் தாழலாகாது. எனினும், நீதி கேட்பவனின் வீட்டுக்குள்ளே நீதி கேட்டு ஒருவர் நின்றால், அவரை எதிரியின் ஆள் என்று தள்ளுவது ஒற்றுமையாகுமா? தன் மகனை அரசின் படை கொண்டு சென்றதென்று அழும் தாயின் கண்ணீரும், தன் மகளை இயக்கம் கொண்டு சென்றதென்று அழும் தாயின் கண்ணீரும் ஒரே உப்புடையன. ஒன்றைத் துடைக்க மற்றொன்றை மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் கலைஞனுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தன் மக்களின் குறையை அந்நியர் மண்டபத்தில் விரித்து மெச்சுதல் வாங்குவது மனச்சாட்சியன்று, வாணிகம். சொல்லவேண்டியதை முதலிற் தாய்மொழியிற் சொல்லட்டும். தன் ஊர் முற்றத்திற் சொல்லட்டும். ஏச்சு வந்தால் அவ்விடத்திலேயே நின்று கேட்கட்டும். பின்னர் உலகுக்குச் சொல்லலாம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு நாடகம் முடிந்து வெளியே வருகையில், கடைச் சிப்பந்தி ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வியை உங்களுக்குச் சொல்லவேண்டும். "ஐயா, நாடகத்தில் வந்த கொடிய முதலாளி சிங்களவன். எங்கள் முதலாளி தமிழன். காலை எட்டு மணி தொடங்கி இரவு வரை எங்களை நிற்கவைத்தே வேலை வாங்குகிறான். அவன் எப்போது மேடைக்கு வருவான்?" என்றார். நாடக விமரிசனம் என்று பக்கம் பக்கமாக எழுதப்படுவனவற்றுள் இதற்கு நிகரானதை நாம் வாசித்ததில்லை.

வெள்ளவத்தைக்கும் அத்தகைய கேள்வி உண்டு. நமது தொடர்மாடி வீடுகளின் சமையலறையில் நிற்கும் மலையகத்துப் பெண் எங்கே உறங்குகிறாள்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவளுடைய பாட்டனின் குடியுரிமையைப் பறித்தது என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அவள் எந்தக் கோப்பையிலே தேநீர் குடிக்கிறாள் என்பதை எந்த நாடகம் பேசும்?

கலையின் வழி

இவற்றைச் சொல்வதற்குக் கலைஞன் ஒலிபெருக்கியாக வேண்டியதில்லை. பொறுமையோடு குறித்துவைப்பதும் மனச்சாட்சியின் தொழிலே. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூல் ஒன்று உண்டு. 'முழுமையடையாத தோம்பு' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். தோம்பு என்றால் என்னவென்று கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவு அது. இடம்பெயர்ந்தோரைத் தேடிச் சென்று, இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவ்வரைபடத்தின் அருகே கட்டடக் கலைஞர் தீட்டிய படத்தையும், தமது ஓவியத்தையும் சேர்த்தார். அரசாங்கத் தோம்பு நிலத்தின் அளவைச் சொல்லும். இந்தத் தோம்பு, கிணறு எந்தப் பக்கம் இருந்தது, மாமரம் எங்கே நின்றது என்பதைச் சொல்கிறது. கூச்சலில்லை, சுலோகமில்லை. நிலத்தை இழந்தவன் எதை இழந்தான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

மட்டக்களப்புச் சீலாமுனையில் நடந்ததையும் எண்ணுங்கள். சி. ஜெயசங்கரும் அவ்வூர் மக்களும் 2000களில் கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கினர். பெண்ணைத் தாழ்த்தியும் சாதியை உயர்த்தியும் பழைய கூத்தில் வரும் இடங்களை, அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் ஊராரும் ஒன்றாயிருந்து பேசி மாற்றினர். நகரத்திலிருந்து எவரும் வந்து அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. சட்டங் கொடுத்த நாள் தொட்டு அரங்கேற்றம் வரை அது அவர்கள் முற்றத்திலேயே நடந்தது. தன் வீட்டிற் பேசும் கலை என்று நாம் சொல்வதற்கு இதுவே சான்று.

கேட்போரின் கடன்

இதுவரை கலைஞனின் கடனைச் சொன்னோம். இனி உங்கள் கடன். கூத்தை இத்தனை நூற்றாண்டு காத்தவர் மன்னரல்லர், செல்வருமல்லர். அறுவடை முடிந்து வயல் ஓய்ந்த நாளில், களரி கட்டி, விடியும் வரை விழித்திருந்து பார்த்த கமக்காரர். அண்ணாவியாருக்கு நெல் அளந்தவர் அவர்கள். கலை அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததன்று. ஊரின் காரியமாக இருந்தது. இன்று வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் நிறைந்த இந்த வெள்ளவத்தையிலே, கடல் கடந்து வரும் சினிமா நட்சத்திரத்தைக் காண ஆயிரக்கணக்கிற் கொடுக்கிறோம். நம்மவர் நாடகமென்றால் இலவசச் சீட்டு உண்டா என்று கேட்கிறோம்.

மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகிறோம். நமது கலைஞரின் படைப்புக்குப் பணங் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். பிறர் தயவில் நிற்பவனின் நாவு நேராய் நிற்பது அரிது. அவன் உங்களைச் சுடும் சொல்லைச் சொன்னால், எழுந்து போகாமல் இறுதிவரை இருந்து கேளுங்கள். பின்னர் மறுத்துப் பேசுங்கள், அது உங்கள் உரிமை. அச்சொல்லுக்காக அவனை எவரேனும் அச்சுறுத்தினால், அவன் கருத்தோடு உடன்படாவிட்டாலும் அவன் வாசலில் வந்து நில்லுங்கள். செல்வியின் வாசலில் அன்று ஓர் ஊர் திரண்டு நிற்கக்கூடிய காலமாயிருந்திருந்தால், வரலாற்றின் ஒரு பக்கம் வேறாய் எழுதப்பட்டிருக்கும்.

கலைஞன் நீதிபதியல்லன், தண்டனை விதிக்கும் அதிகாரம் அவனுக்கில்லை. அவன் சாட்சி. சாட்சி தன் உறவினனுக்காகப் பொய் சொன்னால், அவன் எதிரியைப் பற்றிச் சொல்லும் மெய்யையும் மன்று ஏற்காது. நமது இனத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியை உலகம் நம்பவேண்டுமாயின், நம்முள் நாம் இழைக்கும் அநீதியையும் சொல்லும் நாவுடைய சாட்சிகள் நமக்கு வேண்டும். அத்தகைய கலைஞரை வளர்ப்பதும் வாடவிடுவதும் உங்கள் கையில் இருக்கின்றன.